பிறந்த பிறகும் மூளையில் பிறக்கும் செல்கள் – டோபமைன் வந்து சேர்ந்த கதை (நீண்ட பதிவு)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நீளமான பதிவு. பேருந்தில் பாதி, வீட்டில் பாதி என்று படித்தால் போதும்.

இப்போது எங்கே திரும்பினாலும் 'டோபமைன்' என்ற சொல் காதில் விழுகிறது. கைபேசியைத் தொட்டால் டோபமைன், லட்டு தின்றால் டோபமைன். 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று பட்டப்பெயர் வேறு. கூடவே, மூளையில் புதுச் செல்களை வளர்க்கும் என்று பொடியும் லேகியமும் விற்கிற காணொலிகள். வாரத்துக்கு மூன்று நான்கு எனக்கு வருகின்றன. அனுப்புகிறவர்கள் என்னிடம் படித்த பிள்ளைகள், இல்லையென்றால் அத்தை, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள். கீழே ஒரு வரி: "உண்மையா டீச்சர்?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் தட்டச்சு செய்ய என் கட்டைவிரலில் வலு இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவு.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துப் பள்ளியில் பாடம் நடத்தியவள், மருத்துவர் இல்லை. ஆகவே வைத்தியம் சொல்லப் போவதில்லை. இந்த விஷயம் மனிதருக்கு எப்படித் தெரியவந்தது என்கிற வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன். அது தெரிந்தால் காணொலியில் எது சரக்கு, எது காற்று என்று நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

இதில் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று மூளைச் செல்களின் கதை, மற்றது டோபமைனின் கதை. பல காலம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் தனித்தனியே நடந்தன. சந்தித்தது இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

முதல் கதை ஸ்பெயினில் தொடங்குகிறது. சாண்டியாகோ ரமோன் இ கஹால் என்பவர் நுண்ணோக்கியில் மூளைத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கையால் படம் வரைந்தவர். அவர் வரைந்த நியூரான் படங்கள் கிளை விரித்த மரம் போல இருக்கும். இன்றும் புத்தகங்களில் அச்சாகின்றன. மூளை தனித்தனிச் செல்களால் ஆனது என்று நிறுவியவர் அவர்தான். 1906இல் இத்தாலியரான கமில்லோ கோல்கியுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். வேடிக்கை என்னவென்றால், கஹால் பயன்படுத்திய வெள்ளிச் சாய முறையைக் கண்டுபிடித்தவர் கோல்கி. ஆனால் மூளை ஒரே பின்னலான வலை என்பது கோல்கியின் கொள்கை. பரிசு வாங்கிய இடத்திலேயே, தன்னோடு பரிசு பெற்றவரின் கருத்தை எதிர்த்துப் பேசினார்.

அந்தக் கஹால் 1913, 1914 ஆண்டுகளில் வெளிவந்த ஒரு பெரிய நூலில் கடுமையான தீர்ப்பு ஒன்றை எழுதினார். வளர்ந்தவர்களின் மூளையில் எல்லாம் முடிந்துபோனவை, மாறாதவை. சாகலாமே தவிர மறுபடி முளைப்பது கிடையாது என்பது அதன் சாரம். முடிந்தால் எதிர்கால அறிவியல் இந்தக் கொடிய தீர்ப்பை மாற்றட்டும் என்றும் அதே இடத்தில் எழுதியிருந்தார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், வேண்டுகோளை விட்டுவிட்டார்கள். பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்றால் நம் ஊரில் மட்டும்தான் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள்!

உங்களுக்கும் எனக்கும் பாடநூலில் வந்த வரி நினைவிருக்கும்: நரம்பு செல்கள் பகுப்படைவதில்லை. அந்த வரி இன்றைக்கும் சரியே. முழுதாக வளர்ந்த நியூரான் இரண்டாகப் பிரிவதில்லை. ஆனால் நியூரானாக மாறக்கூடிய முளைச் செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள், பிறப்புக்குப் பிறகும் மூளையில் மிச்சம் இருக்கின்றனவா, பிரிகின்றனவா என்பது வேறு கேள்வி. தென்னையில் விரிந்த மட்டை மறுபடி குருத்தாகாது. அதற்காகக் குருத்தே இல்லை என்று ஆகிவிடுமா?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜோசப் ஆல்ட்மன். 1925இல் புடாபெஸ்டில் பிறந்த ஹங்கேரி யூதர். இரண்டாம் உலகப் போரில் உயிர் பிழைத்தவர். பிறகு அமெரிக்கா வந்து உளவியலில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1960களின் தொடக்கத்தில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தார். அவர் எடுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். பார்க்கச் சிக்கலாக இருந்தாலும் அதன் யோசனை எளியது.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கத் தைமிடின் என்ற பொருள் தேவை. அந்தத் தைமிடினில் கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜனை ஏற்றி எலிக்கு ஊசியாகப் போட்டால், அந்த நேரத்தில் பிரியும் செல்கள் மட்டும் அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். பழைய செல்கள் தொடாது. சில நாள் அல்லது சில வாரம் கழித்து மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, அவற்றின் மேல் புகைப்படப் பசையைப் பூசி இருட்டில் வைத்தால், கதிரியக்கம் இருக்கும் செல்லின் மேல் கறுப்புப் புள்ளிகள் விழும். வீடு கட்டும்போது இன்றைக்கு வந்த செங்கல்லுக்கு மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துச் சுவரில் எங்கெங்கே பொட்டு தெரிகிறது என்று தேடுவது போல.

ஆல்ட்மன் 1962இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பாகவே ஒரு கேள்வியை வைத்தார்: வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புது நியூரான்கள் உண்டாகின்றனவா? 1965இல் கோபால் தாஸ் என்பவருடன் சேர்ந்து விரிவான கட்டுரை வெளியிட்டார். (அந்தப் பெயரைப் பார்த்ததும் என் கண் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.) எலியின் மூளையில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், பிறந்த பிறகும் புது நியூரான்கள் சேர்கின்றன, வயது ஏற ஏற அந்த எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது என்று படங்களோடு காட்டினார்கள். 1969இல், மூளையின் உள்ளே திரவம் நிறைந்த அறையின் ஓரத்தில் பிறக்கும் செல்கள் வரிசையாக நகர்ந்து முகர்தல் பகுதிக்குப் போவதையும் ஆல்ட்மன் வெளியிட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகு என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவை நியூரான்களாக இருக்காது, அவற்றைத் தாங்கும் துணைச் செல்களாக இருக்கும் என்றார்கள். இந்தச் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. அன்றைய நுண்ணோக்கியில் சிறு நியூரானையும் துணைச் செல்லையும் பிரித்தறிவது கடினம். ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்க வேண்டும்; இவர்களோ பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். 1968இல் ஆல்ட்மன் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தன் வேலையைத் தொடர்ந்தார்.

1977இல் மைக்கேல் கப்லான் என்ற இளைஞர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதே செல்களைப் பார்த்து, இவை நியூரான்கள்தான் என்று காட்டினார். அதற்கும் பெரிய வரவேற்பு இல்லை. 1985இல் பாஸ்கோ ராக்கிச் என்ற பெயர்பெற்ற அறிஞர் குரங்குகளில் தேடினார். வளர்ந்த குரங்கின் மூளையில் புது நியூரான்கள் தென்படவில்லை என்று எழுதினார். அது பழைய தீர்ப்பை மறுபடி உறுதி செய்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இங்கே நிறுத்தி, இரண்டாவது கதைக்கு வருகிறேன்.

டோபமைனை முதன்முதலில் ஆய்வகத்தில் உருவாக்கியது 1910இல், லண்டனில் வெல்கம் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பார்கரும் ஜேம்ஸ் யூவன்ஸும். நம் உடல் அட்ரினலினைத் தயாரிக்கும் பாதையில் டோபா, அடுத்து டோபமைன், அடுத்து நார்அட்ரினலின் என்று படிப்படியாகப் போகிறது. அதனால் டோபமைனை வழியில் வரும் ஒரு சின்ன ஊர் மாதிரித்தான் பார்த்தார்கள். பேருந்து அந்த ஊர் வழியாகப் போகும், யாரும் இறங்கமாட்டார்கள். 'டோபமைன்' என்ற பெயரே 1952இல்தான் வந்தது. வைத்தவர் சர் ஹென்றி டேல்.

1957இல் இங்கிலாந்தில் கேத்லீன் மாண்டேகு மூளைத் திசுவில் டோபமைன் இருப்பதைக் காட்டினார். அதே ஆண்டு ஸ்வீடனின் லண்ட் நகரில் அர்விட் கார்ல்சனும் குழுவினரும் செய்த சோதனைதான் திருப்பம். அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், இந்த வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று கட்டுரை எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்பில் இதன் பயனை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியதும் மேல்நாட்டார் கவனம் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். முயல்கள் அசையாமல் உட்கார்ந்துவிட்டன, காது தொங்கிப்போயிற்று. பிறகு டோபாவை ஊசியாகப் போட்டார். சிறிது நேரத்தில் முயல்கள் மறுபடி நடமாடத் தொடங்கின. மூளையை எடுத்து அளந்தபோது, திரும்பி வந்திருந்தது நார்அட்ரினலின் இல்லை, டோபமைன். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், மூளையின் டோபமைனில் பெரும்பகுதி உடலசைவைக் கட்டுப்படுத்தும் 'ஸ்ட்ரையாட்டம்' என்ற பகுதியில் குவிந்திருப்பதையும் லண்ட் குழுவினர் கண்டார்கள். வழியில் வரும் சின்ன ஊர் என்று நினைத்தது ஒரு மாவட்டத் தலைநகராக இருந்தது.

1960இல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் கார்ல்சன் இதைச் சொன்னார். அங்கிருந்த பெரியவர்கள் நம்பவில்லை. அவர்களில் மூத்தவர் சர் ஹென்றி டேல், நோபல் பரிசு பெற்றவர், டோபமைனுக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். பெயர் சூட்டிய தாத்தாவே பிள்ளையைச் சந்தேகித்த கதை.

ஆனால் அதே ஆண்டின் கடைசியில் வியன்னாவிலிருந்து பதில் வந்தது. ஓலே ஹார்னிகீவிச் என்ற இளம் ஆய்வாளர், நடுக்குவாத நோயால் (பார்க்கின்சன் நோய் என்பார்கள்) இறந்தவர்களின் மூளையை எடுத்துச் சோதித்தார். டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும் ஒரு சோதனை. மற்றவர்களின் மூளைச் சாற்றில் நிறம் வந்தது. நோயாளிகளின் சாற்றில் நிறமே இல்லை. ஒரு மூளை நோய்க்கான ரசாயனக் குறையை வெறுங்கண்ணாலேயே பார்த்துவிட்டார். 1961இல் வால்டர் பிர்க்மேயர் என்ற மருத்துவரின் நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பலன் சில மணி நேரம்தான். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ், சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, நீண்ட நாள் வாய்வழி கொடுக்கும் முறையை நிலைநிறுத்தினார்.

2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கார்ல்சன், பால் கிரீன்கார்ட், எரிக் காண்டல் மூவருக்கும் போயிற்று. ஹார்னிகீவிச்சுக்கு இல்லை. 200க்கும் மேற்பட்ட மூளை ஆய்வாளர்கள் சேர்ந்து இது தகாது என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். என் கட்சியும் அதுவே.

இப்போது இந்தப் பதிவின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: ஏற்பிகள்.

பள்ளிக்கூட மணியை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரே ஓசைதான். காலையில் அதைக் கேட்டால் ஓடிப்போய் வரிசையில் நிற்பீர்கள். மாலையில் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவீர்கள். சமையற்கூடத்து ஆயாவுக்கு அதே மணி அடுப்பைப் பற்றவைக்கச் சொல்கிறது. மணி எதையும் உள்ளே வைத்திருக்கவில்லை. கேட்கிறவர் யார், எப்போது கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டோபமைன் மணி; செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பி காது. காது இல்லாத செல்லுக்கு மணி அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று சொல்வது, பள்ளிக்கூட மணியை 'வீட்டுக்குப் போகும் மணி' என்று மட்டும் சொல்வது மாதிரி.

1972இல் கிரீன்கார்டின் ஆய்வகத்தில் ஜான் கெபாபியன் உள்ளிட்டோர், டோபமைன் பட்டதும் செல்லுக்குள் ஒரு தூதுப் பொருள் கூடுவதைக் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில், மனநோய் மருந்துகள் வேலை செய்வது வேறு வகை டோபமைன் ஏற்பியை அடைப்பதால் என்று கனடாவில் பிலிப் சீமனும் அமெரிக்காவில் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். 1979இல் கெபாபியனும் டொனால்ட் கால்னும் இரண்டு வகை என்று பிரித்தார்கள்: டி1, டி2. 1988இலிருந்து 1991க்குள் மரபணு முறையில் தேடி மொத்தம் ஐந்து என்று தெரிந்தது. டி1, டி5 ஒரு குடும்பம். டி2, டி3, டி4 இன்னொரு குடும்பம். முதல் குடும்பம் அந்தத் தூதுப் பொருளைக் கூட்டும், இரண்டாவது குறைக்கும். ஒரே மணிக்கு எதிரெதிரான இரண்டு காதுகள்.

இனி முதல் கதைக்குத் திரும்பலாம். அங்கே காற்று மாறியது ஒரு பறவையால். நியூயார்க்கில் பெர்னாண்டோ நாட்டெபோம் கேனரிப் பறவைகளின் பாட்டை ஆராய்ந்துவந்தார். பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி பருவத்துக்கு ஏற்பப் பெருப்பதையும் சிறுப்பதையும் கவனித்தார். 1983இல் அவரும் ஸ்டீவன் கோல்ட்மனும், வளர்ந்த கேனரியின் மூளையில் புது நியூரான்கள் பிறக்கின்றன என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு, அந்தப் புதுச் செல்களில் மின்முனை வைத்து, பறவை ஒலியைக் கேட்கும்போது அவை துடிப்பதையும் பதிவு செய்தார்கள். துணைச் செல் என்று தள்ள இனி வழி இல்லை. 1992இல் கனடாவின் கால்கரியில் பிரென்ட் ரெனால்ட்ஸும் சாமுவேல் வைஸும் வளர்ந்த எலியின் மூளையிலிருந்து முளைச் செல்களை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தார்கள்.

மனிதருக்கு வந்தது 1998இல். மனித மூளையில் ஊசி போட்டுச் சோதிக்க யாரும் விடமாட்டார்கள். ஆனால் ஸ்வீடனில் புற்றுநோய் நோயாளிகள் சிலருக்கு, கட்டியில் செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று பார்ப்பதற்காகவே ஓர் அடையாளப் பொருளைச் செலுத்தியிருந்தார்கள். ஆல்ட்மனின் சுண்ணாம்புப் பொட்டு போன்றதுதான் அதுவும். அந்த நோயாளிகளில் ஐந்து பேர் இறந்த பிறகு அவர்கள் மூளையைப் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் பிரெட் கேஜும் பரிசோதித்தார்கள். ஹிப்போகேம்பஸில் பொட்டு வைத்த நியூரான்கள் இருந்தன. சாகப்போகிற நேரத்திலும் அந்த ஐந்து பேரின் மூளையில் புதுச் செல்கள் பிறந்துகொண்டிருந்தன. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் இடம் இது.

ஆல்ட்மனுக்கு 2011இல் ஸ்பெயின் நாட்டின் பெரிய விருது ஒன்று கிடைத்தது. கஹாலின் நாடு என்பதைக் கவனியுங்கள். முதல் கட்டுரை வந்து 49 ஆண்டுகள். 2016இல் காலமானார்.

சரி, இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம். மூளையின் உள்ளறை ஓரத்தில் முளைச் செல்கள் இருக்கின்றன என்றேன். அந்த ஓரத்தை ஒட்டியே இருப்பது ஸ்ட்ரையாட்டம், டோபமைன் நரம்பிழைகள் அடர்ந்த பகுதி. பக்கத்து வீட்டில் இவ்வளவு மணி அடிக்கும்போது இந்த வீட்டில் யாருக்காவது கேட்காமலா இருக்கும்? 2004இல் பாரிஸில் குந்தர் ஹோக்லிங்கர், எட்டியென் ஹிர்ஷ் குழுவினர் பார்த்தார்கள். டோபமைன் இழைகள் அந்த முளைச் செல்கள் வரை நீண்டிருந்தன. பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் டோபமைன் ஏற்பிகளும் இருந்தன. எலிகளில் டோபமைன் நரம்புகளை அழித்தபோது முளைச் செல்கள் பிரிவது குறைந்தது. டி2 குடும்ப ஏற்பியைத் தூண்டும் மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்தது. நடுக்குவாதத்தால் இறந்த மனிதர்களின் மூளையிலும் அந்தச் செல்கள் குறைவாகவே தெரிந்தன. அதே ஆண்டு வேறு ஆய்வாளர்கள் டி3 ஏற்பியைத் தூண்டியும் இதே போன்ற பலனைப் பார்த்தார்கள்.

டோபமைன் நரம்பை மட்டும் எப்படி அழிப்பது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வேதனையான வழி கிடைத்திருந்தது. 1982இல் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் நடுக்குவாதம் முற்றியவர்களைப் போல உறைந்துபோனார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற மருத்துவர், கலப்படமாக வந்த ஒரு பொருள் டோபமைன் நரம்புகளைக் கொன்றுவிட்டது என்று கண்டறிந்தார். அதே பொருளைத்தான் பிறகு ஆய்வக எலிகளுக்குக் கொடுத்தார்கள்.

இங்கேதான் நம் காணொலிக்காரர்கள் துள்ளுகிறார்கள். "பார்த்தீர்களா, டோபமைனைக் கூட்டினால் மூளையில் புதுச் செல் முளைக்கும்!" என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன மாதம் இதே காணொலியை அனுப்பியிருந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. அவன் அப்பாவுக்கு ஐந்து வருடமாக நடுக்குவாதம். "மாத்திரையை நிறுத்திட்டு இந்தப் பொடியைக் கொடுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டிருந்தான். உடனே கூப்பிட்டுப் பேசினேன். "வேண்டாம் தம்பி, டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதே" என்றேன். அந்த மாத்திரையில் இருப்பது ஹார்னிகீவிச்சும் பிர்க்மேயரும் கொடுத்த அதே லெவோடோபா. திடீரென்று நிறுத்தினால் உடல் இறுகி, காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அவன் அப்பா காலையில் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வது அந்த மாத்திரையால்.

காணொலி சொல்லாமல் விட்ட மீதிக் கதையையும் அவனுக்குச் சொன்னேன். 2005இலேயே கனடாவில் வேறு குழு நேர்மாறான முடிவைச் சொன்னது: டோபமைன் முளைச் செல்களின் பிரிவைத் தடுக்கிறது, டி2 ஏற்பியை அடைக்கும் ஹாலோபெரிடால் கொடுத்தால் எலி மூளையில் பிரிவு கூடுகிறது. 2011இல் வந்த ஓர் ஆய்வு, நடுக்குவாத நோயாளிகளின் மூளையோரத்தில் செல் பிரிவு குறையவே இல்லை என்றது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். முளைச் செல்லிலேயே பல நிலைகள் உண்டு: மெல்லப் பிரியும் மூலச் செல், வேகமாகப் பிரியும் அடுத்த தலைமுறை, நியூரானாக மாறத் தொடங்கிய செல். ஐந்து வகைக் காதுகள் வேறு. எந்தச் செல்லில் எந்தக் காது, எந்த வயதில் என்பதைப் பொறுத்து ஒரே மணி ஓடச் சொல்லலாம், நிற்கவும் சொல்லலாம். அதனால்தான் 'டோபமைனைக் கூட்டு' என்ற ஒற்றை வரி அர்த்தமற்றது. போதாததற்கு, ரத்தத்தில் இருக்கும் டோபமைன் மூளைக்குள் நுழையாது. நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. லெவோடோபா நுழையும் என்பதால்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள். பொடியைத் தின்று மூளைக்கு மணி அடிக்க முடியாது.

வளர்ந்த மனிதரில் இந்தச் செல்கள் எவ்வளவு பிறக்கின்றன என்பதிலேயே சண்டை ஓயவில்லை. 2013இல் ஸ்வீடனின் யோனாஸ் பிரிசேன் குழு ஓர் அதிசயமான கணக்குப் போட்டது. 1950, 60களில் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடி, பிறகு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டின் அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். அதை வைத்து, ஹிப்போகேம்பஸில், ஒவ்வொரு பக்கமும் நாளொன்றுக்குச் சுமார் 700 புது நியூரான்கள் என்று கணித்தார்கள். அணுகுண்டால் விளைந்த ஒரே நன்மை இதுவாக இருக்கலாம். 2018இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு அநேகமாக ஒன்றும் பிறப்பதில்லை என்றது. ஒரு மாதம்கூட ஆகாமல் நியூயார்க்கிலிருந்து மறுப்பு: எழுபது வயதிலும் பிறக்கின்றன என்று. 2025இல் பிரிசேன் குழு, பிரிந்துகொண்டிருக்கும் முளைச் செல்களை வளர்ந்தவர்களின் மூளையிலேயே கண்டதாக எழுதியிருக்கிறது. எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை, ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது.

சண்டை இல்லாத இடம் கைக்குழந்தை. சிறுமூளையின் மிகச் சிறிய நியூரான்கள் பிறந்த முதல் ஆண்டிலும் உண்டாகிக்கொண்டிருக்கின்றன. உள்ளறை ஓரத்திலிருந்து இளம் நியூரான்கள் நெற்றிப் பக்க மூளை நோக்கி நகரும் பாதைகளைக் குழந்தைகளின் மூளையில் 2011இல் கண்டார்கள். ஒன்றரை வயதுக்குள் அந்த நடமாட்டம் அடங்கிவிடுகிறது. ஏற்பிகளின் கணக்கும் அதே காலத்தில் ஏறி இறங்குகிறது. 1987இல் டொரான்டோவில் பிலிப் சீமன் குழுவினர் பல வயதினரின் மூளைகளை எண்ணிப் பார்த்தபோது, சிறு குழந்தைகளின் ஸ்ட்ரையாட்டத்தில் டி1, டி2 ஏற்பிகள் பெரியவர்களைவிட அடர்த்தியாக இருந்தன. வளர வளரக் குறைந்தன. வகுப்பில் சின்னப் பிள்ளைகள் மணி அடித்ததும் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்திருப்பது எனக்கு ஞாபகம் வருகிறது.

வீட்டில் ஒன்றரை வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கிறவர்கள் தடுப்பூசி அட்டையையும் எடை அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தேதி தவறியிருந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடம் நாளைக்கே கேளுங்கள். காணொலிகளை எனக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டாம்; கேள்வியோடு அனுப்புங்கள். மெதுவாகத்தான் பதில் வரும்.